இடைச்சொல்லில் தங்கும் இழிவு: கொல்கத்தாக் கல்லூரிப் பேச்சும் மொழிபெயர்ப்பும்

வங்காளத்தில் சாதி இல்லை என்னும் கூற்று கொல்கத்தாவின் கற்றோர் வட்டத்தில் நெடுங்காலமாகச் செல்வாக்குடன் வழங்கி வருகிறது. 'பத்ரலோக்' எனத் தம்மைக் குறித்துக்கொள்ளும் நடுத்தர வகுப்பினர் சாதியைப் பிற மாநிலங்களின் நோயாகவே பேசுவர். இதனை மறுக்கும் சான்றுகளைச் சமூகவியலாரும் வரலாற்றாசிரியரும் போதிய அளவு தொகுத்துள்ளனர். மொழியியல் நோக்கில் எழும் வினா வேறு. கல்லூரிகளில் பயிலும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களை நோக்கி நாள்தோறும் வழங்கும் பேச்சில் ஏசற்சொல் எதுவும் காணப்படாதபோதும் கேட்பவர் புண்படுகிறார் எனின், அவ்விழிவு மொழியின் எந்தக் கூற்றில் தங்கியிருக்கிறது? அதனைப் பதிவு செய்யும் வங்க எழுத்துகளைத் தமிழில் பெயர்ப்போர் எதனை இழக்க நேர்கிறது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. உணவுக் கூடம் முதல் வருகைப் பதிவேடு வரை

கல்லூரி வளாகத்தில் நிகழும் வேறுபாட்டின் வடிவம் காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1911இல் மேகநாத் சாஹா கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்து ஈடன் இந்து விடுதியில் தங்கினார். அவர் பிறந்த சாதி தாழ்ந்தது எனக் கருதப்பட்டமையால் மேல்சாதி மாணவர் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். சரஸ்வதி பூசையின்போது அவர் மேடையை அணுகுவதையும் எதிர்த்தனர். தேர்வுகளில் சத்யேந்திரநாத் போசுக்கு அடுத்த இடம் பெற்றவர், பின்னர் 1920இல் வெளியிட்ட அயனியாக்கக் கோட்பாட்டால் உலகப் புகழ் எய்தியவர் அவர். அறிவாற்றல் குறித்த ஐயம் எவ்வகையிலும் எழ இயலாத ஒருவருக்கே இது நேர்ந்தது என்பது கருதத்தக்கது. இங்கு வேறுபாடு இடத்தால் உணர்த்தப்பட்டது. தனி இலை, தனி வரிசை, எட்டி நிற்றல் ஆகியவற்றைக் கண்ணால் காணலாம், சாட்சி கூறலாம்.

எண்பது ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த சூனி கோட்டாலின் வழக்கு இதனின் வேறானது. மேதினிபூர் மாவட்டத்து லோதா சபர் இனத்தில் பட்டம் பெற்ற முதற் பெண் அவர். கொல்கத்தாவிற்கு மேற்கே மேதினிபூரில் உள்ள வித்யாசாகர் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தபின், தாம் வகுப்பிற்கு வந்திருந்தும் வராதவராகக் குறிக்கப்படுவதாகவும், மதிப்பெண் குறைக்கப்படுவதாகவும், குற்றப் பழங்குடியில் பிறந்தவர் எனத் தம் பிறப்பு சுட்டப்படுவதாகவும் முறையிட்டார். 1991இல் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டும் அவர்க்குப் பயன் விளையவில்லை. 1992 ஆகஸ்டு 16ஆம் நாள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மகாசுவேதா தேவி அம்மாத இறுதியிலேயே ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் அவர் கதையை எழுதினார். 1994இல் சபர் மக்களின் வாழ்வை 'ப்யாத்கண்ட' என்னும் நாவலாக்கினார்.

சூனியின் முறையீட்டில் இடம்பெறும் மூன்றனுள் ஒன்றே சொல்லாகும். லோதாக்கள் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டிருந்தனர். அச்சட்டம் 1952இல் நீங்கிற்று. நீங்கி நாற்பதாண்டு ஆனபின்னும் அச்சட்டத்தின் வகைப்பெயர் வகுப்பறைக்குள் வழங்கியது என்பதே முறையீட்டின் சாரம். மற்ற இரண்டும் சொல்லற்றவை. பதிவேட்டில் விழாத ஒரு குறியை எவ்வாறு சாட்சிப்படுத்துவது? மேகநாத் சாஹாவை எந்த இடத்தில் உட்கார வைத்தனர் என்பது கண்டோர்க்குத் தெரியும். சூனி கோட்டால் கூறியதோ, எளிதில் மறுக்கத்தக்க சிறுசிறு செயல்களின் கோவையாக இருந்தது.

2020 செப்டம்பரில் யாதவ்பூர்ப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை ஆசிரியர் மரூனா முர்மு, பெருந்தொற்றுக் காலத்தில் தேர்வு நடத்துவது குறித்துச் சமூக வலைத்தளத்தில் கருத்துக் கூறியபோது, கொல்கத்தாவின் வேறொரு கல்லூரி மாணவி அவருடைய சந்தால் பிறப்பையும் இட ஒதுக்கீட்டையும் சுட்டி இகழ்ந்தார். மாணவர் ஆசிரியரை இகழ்ந்தார் என்பதே இங்குப் புதுமை. பதவி உயர்ந்தாலும் பேச்சின் திசை மாறவில்லை.

2. குடும்பப் பெயரும் குழூஉக்குறியும்

வங்காளத்தில் ஒருவரின் பெயரோடு 'பதபி' எனப்படும் குடும்பப் பெயர் ஒட்டியே வரும். முகர்ஜி, பானர்ஜி எனின் பார்ப்பனர். முர்மு, ஹான்ஸ்தா, சரேன், டுடு எனின் சந்தால். வருகைப் பதிவேட்டைப் படிக்கும் குரலே வகுப்பறைக்குச் சாதிப் பட்டியலை அறிவித்துவிடுகிறது. பிஸ்வாஸ், மண்டல் போன்றவை பல சாதியார்க்கும் பொதுவானவை. அப்பெயர் உடையாரை நோக்கி அடுத்த வினா எழும்: "தேஷேர் பாரி கொத்தாய்?" சொந்த ஊர் எங்கே என்பது இதன் பொருள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவரா, மேற்கு வங்கத்தவரா என அறியவும் இவ்வினா இயல்பாகக் கேட்கப்படும். ஆகவே இதனைக் குற்றம் என எவரும் கூற இயலாது.

தமிழகத்தில் சாதிப் பட்டத்தைப் பெயரோடு சேர்க்கும் வழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டமையால் வினா வேறு வழியில் சுற்றிவரும். "எந்த ஊர்?" என்பதற்கு விடை கிடைத்ததும் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பது தொடரும். 'ஊர்' என்பதும் 'காலனி' என்பதும் எதிர்ச்சொற்களாகிவிட்ட நிலை இது. ஆங்கிலத்திலிருந்து வந்த, எவ்வகை நிறமும் அற்ற ஒரு சொல் இழிபொருள் ஏற்றதை ஒப்பி, அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டப் பேரவையில் அறிவித்தார். 'சேரி' என்னும் சொல் சென்ற வழியும் இதுவே. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரியும் உண்டு, பறைச்சேரியும் உண்டு. குடியிருப்பு என்பதே அங்குப் பொருள். இழிவு வாழ்வோர்மீது நிற்கும்வரை குடியிருப்பின் பெயரை எத்தனை முறை மாற்றினும் அதுவும் பின்தொடரும் போலும்.

கொல்கத்தா மாணவர் வழக்கில் வேறொரு வகையும் உண்டு. 'ஷோனார் சாந்த்' என்றால் பொன் நிலவு. குழந்தையைக் கொஞ்சும் சொல். 'ஷோனார் டுக்ரோ' என்றால் பொற்றுண்டு. இதுவும் செல்லப் பேச்சே. இவற்றை உரோமன் எழுத்தில் எழுதின் முதலெழுத்துகள் முறையே எஸ்.சி., எஸ்.டி. என அமையும். ஒதுக்கீட்டில் வந்த மாணவரைச் சுட்ட இவை வழங்குகின்றன. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல் ஒரு குழுவினர் தமக்குள் வழங்குவதையே நன்னூலார் மரபு குழூஉக்குறி என்னும். ஆயின் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. பொற்கொல்லரின் சொல் பிறர்க்கு விளங்காமல் இருக்கவேண்டும். 'ஷோனார் சாந்த்' எவரைக் குறிக்கிறதோ அவர்க்கு விளங்கியே ஆகவேண்டும். விளங்காவிடில் சொன்னவரின் நோக்கம் நிறைவேறாது. விளங்கிற்று என அவர் வாய்விட்டுக் கூறினால், "கொஞ்சியதைக் குற்றமாகக் கொள்கிறாய்" என்னும் விடை ஆயத்தமாக இருக்கிறது.

3. தோ, ஓ, ஏ, உம்

குழூஉக்குறியிலாவது இகழும் எண்ணம் ஐயத்திற்கு இடமின்றி இருக்கிறது. அதனினும் நுட்பமானது பாராட்டு. ஆய்வின் பொருட்டு எளிய தொடர் ஒன்றை அமைத்துக் காணலாம். சந்தால் மாணவி ஒருத்தியை நோக்கி, "துமி தோ பாலோஇ பாங்லா போலோ" எனப்படுகிறது என்க. 'நீ நன்றாகவே வங்காளம் பேசுகிறாயே' என்பது பொருள். இத்தொடரின் பெயர்களையும் வினையையும் மட்டும் கொண்டால் 'நீ நன்றாக வங்காளம் பேசுகிறாய்' என்னும் புகழ்ச்சியே எஞ்சும். 'தோ' என்னும் இடைச்சொல் பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் பொதுவான எதிர்பார்ப்பு ஒன்று இருப்பதாகக் காட்டும். சூழலுக்கு ஏற்ப அதனை உறுதி செய்யவோ, அது பொய்த்ததால் எழும் வியப்பை உணர்த்தவோ அது வரும். 'பாலோ' என்பதோடு சேரும் '-இ', எதிர்பார்த்ததற்கு மேல் என்னும் அளவினைக் குறிக்கும். மாணவியின் இனத்தார் வங்காளம் நன்கு பேசார் என்னும் துணிபு எந்தச் சொல்லாலும் கூறப்படவில்லை. இடைச்சொற்கள் இரண்டும் அதனைத் தாங்கி நிற்கின்றன.

தமிழ் இலக்கண மரபு இவ்விடத்தில் பெருந்துணை செய்கிறது. தொல்காப்பியர் இடையியலில் ஏகாரத்திற்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் கூறுவர். இடைச்சொல் தனித்து இயங்காது, சார்ந்து நின்றே பொருள் உணர்த்தும் என்பதும் அவர் கோட்பாடு. "நல்லாப் படிக்கிறியே!" என ஆசிரியர் கூறும்போது ஏகாரம் ஒரு மாணவனுக்கு ஊக்கம், வேறொருவனுக்கு, அவன் பிறப்பிலிருந்து ஆசிரியர் என்ன எதிர்பார்த்தார் என்பதன் அறிவிப்பு. ஒலியும் ஒன்று, தொடரும் ஒன்று. எதனைச் சார்ந்து நிற்கிறது என்பதிலேயே வேறுபாடு பிறக்கிறது.

உம்மையில் இது மேலும் தெளிவுறும். "அவளும் முதல் வகுப்பில் தேறினாள்" என்னும் தொடரை இருவகையாகக் கொள்ளலாம். பிறர் தேறியதைத் தழுவியதாயின் எச்சவும்மை. அவளே தேறிவிட்டாள் எனின் வேறு யார்தான் தேறார் என்னும் கருத்தாயின் இழிவு சிறப்பும்மை. வங்காள மொழியின் '-ஓ' என்னும் இடைச்சொல்லும் இவ்விரு பொருளையும் உடையது. 'ஷேஓ' என்பது 'அவளும்' என்பதற்கு இம்மியும் பிசகாமல் ஒக்கும். கேட்டவள் இழிவு சிறப்பாகக் கொண்டு வருந்தினால் சொன்னவர் எச்சம் எனக் கூறித் தப்பலாம். இலக்கணம் இருவர் பக்கமும் நிற்கும். நன்னூல் உரையாசிரியர்கள் இழிவு சிறப்பும்மைக்குக் காட்டும் மேற்கோளில் உம்மை ஏற்று நிற்கும் பெயர் 'புலையன்' என்பது. தலைமுறை தலைமுறையாக மாணவர் இலக்கணத்தோடு சாதி வரிசையையும் ஒருங்கே கற்றனர் என்பதை இலக்கண வரலாறு எழுதுவோர் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அம்மேற்கோளைப் படிக்கும் வகுப்பில் அப்பெயர்க்கு உரியவராகக் கருதப்பட்டோரின் பிள்ளைகளும் அமர்ந்திருந்த காலத்திலும் அதனை மாற்றவேண்டும் எனப் பலர்க்கும் தோன்றவில்லை.

முன்னிலைப் பெயர்களைச் சுருக்கமாகச் சுட்டலாம். வங்காளத்தில் ஆப்னி, துமி, துய் என மூன்று படி உண்டு. கல்லூரித் தோழர் தமக்குள் 'துய்' என்றே அழைப்பர், அது நெருக்கம். தோழர் அனைவரும் ஒருவரையொருவர் 'துய்' எனப் பேசும் வட்டத்தில் ஒருவனை மட்டும் 'துமி' என்றால் அவன் ஒரு படி உயர்த்தப்படுகிறான் என இலக்கணம் கூறும். அவ்வட்டத்திற்குள் அவனுக்கு இடமில்லை என்பதை அவன் அறிவான். ரோஜர் பிரௌனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் முன்னிலைப் பெயர்களை அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு அச்சுகளில் வைத்து விளக்கினர். மரியாதையே விலக்கலாக அமையும் இந்நிலைக்கு இரண்டாம் அச்சே விடை தரும்.

4. பண்பாட்டுக் கோட்பாடும் சட்டமும்

பெனலோப்பி பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோரின் பேச்சுப் பண்புக் கோட்பாடு 1978இல் வெளிவந்து, 1987இல் தனி நூலாயிற்று. அது சான்றாகக் கொண்ட மொழிகளுள் கோவை மாவட்டச் சிற்றூர்த் தமிழும் ஒன்று என்பதால் தமிழ் மொழியியலார்க்கு அதன்பால் தனி ஈடுபாடு உண்டு. கேட்போரின் முகம் வாடாதிருக்கவே பேசுவோர் மறைமுகமாகப் பேசுகின்றனர் என்பது அதன் அடிப்படை. மறைமுகப் பேச்சிற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் கொள்ள இடமிருப்பதால் பேசுவோர்க்குத் தப்ப வழியுண்டு என்பதையும் அவ்விருவரும் குறித்துள்ளனர். எனினும் அவ்வழி பெரும்பாலும் நயத்தின் கருவியாகவே அங்குக் காணப்படுகிறது. மேற்கண்ட வங்கத் தொடர்களில் மறைமுகம் காப்பது பேசுவோரின் முகத்தையே. கேட்போரின் முகம் வாடுகிறது. வாடிற்று எனக் கூறும் உரிமையும் உடன் பறிபோகிறது. சிற்றூரில் சாதி வரிசையை நேர்ப்பட ஆராய்ந்த ஒரு கோட்பாடு, அவ்வரிசை மறுக்கப்படும் நகர வளாகத்தில் மறைமுகம் எவ்வாறு தொழிற்படும் என்பதை விரித்துரைக்காதது குறையே.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் எதிர்கொள்ளும் இத்தகைய சிறு தாக்குதல்களுக்கு மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் தனிப்பெயர் இட்டார். 2007இல் டெரால்ட் விங் சூவும் உடனாய்வாளரும் அதனை வகைப்படுத்தினர். அதனைத் தமிழில் 'நுண்வன்முறை' என்பர். இத்தமிழாக்கம் நிறைவு தருவதாக இல்லை. 'நுண்' என்னும் அடை, விளைவும் சிறிது எனத் தோற்றுவிக்கிறது. சாடை பேசுதல், குத்திப் பேசுதல், சொல்லாமல் சொல்லுதல் எனத் தமிழில் வழங்கும் தொடர்கள் இருக்கவே செய்கின்றன. ஆயினும் சாடை என்பதில் எண்ணம் உண்டு. 'ஷோனார் சாந்த்' சாடை. 'தோ' கலந்த பாராட்டு எப்போதும் சாடையன்று, சொன்னவர் மெய்யாகவே பாராட்டியதாக நம்பலாம். இவ்விரண்டையும் ஒரே கலைச்சொல்லுள் அடக்குவது ஆய்வுக்கு உதவாது.

சட்டத்தின் நோக்கோ பெயர்ச்சொல்லிலும் எண்ணத்திலும் நிலைகொள்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இழிவுபடுத்தும் எண்ணத்தோடு அவமதித்தலைக் குற்றமாக்கியது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சாதிப் பெயர் சொல்லி ஏசுதலைத் தனிக் குற்றமாகச் சேர்த்தது. இடைச்சொல்லில் சாதிப் பெயரும் இல்லை. எண்ணத்தை மெய்ப்பிக்கவும் வழியில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட விதிமுறைகள் சற்று அருகில் வந்தன. வகுப்பில் மாணவரின் சாதியை அறிவித்தல், ஒதுக்கீட்டு மாணவர் என முத்திரையிடுதல், குறைந்த மதிப்பெண்ணுக்குப் பிறப்பைக் காரணமாக்கிப் பேசுதல் ஆகியவற்றை அவை துன்புறுத்தலாகக் கொண்டன. நல்ல மதிப்பெண்ணைக் கண்டு வியத்தல் அவற்றுள் இல்லை.

5. தமிழாக்குவோர் முன்னுள்ள தேர்வு

த. நா. குமாரஸ்வாமி, த. நா. சேனாபதி, சு. கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் வங்காளத்திலிருந்து நேரே தமிழில் பெயர்த்தனர். அண்மைக் காலத்தில் ஆங்கில வழிப் பெயர்ப்பு பெருகியுள்ளது. தலித் எழுத்துகளைப் பொறுத்தவரை இது தீங்கு பயப்பது. 'ஷேஓ' என்பதை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் எச்சப் பொருளுக்கு ஒரு சொல்லும் இழிவு சிறப்பிற்கு வேறொரு சொல்லும் உடையராதலின் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். முன்னதைத் தேர்ந்தால் குத்தல் மறையும். பின்னதைத் தேர்ந்தால் குத்தல் வெளிப்படையாகி, பேசியவர் தப்ப வைத்திருந்த வழி அடைபடும். அவர் நாகரிகமற்ற ஒருவராகக் காட்சியளிப்பார். வளாகத்தில் அவர் நாகரிகமானவராகவே உலவுகிறார் என்பதன்றோ எழுதியவரின் துயரம்! தமிழாக்குவோர்க்கு இவ்விடர் இல்லை. 'அவளும்' என்றால் போதும். ஐயம் ஐயமாகவே வந்து சேரும். ஆங்கிலத்தைச் சுற்றி வருவோர் கையிலுள்ள உம்மையைக் கைவிட்டு வருகின்றனர்.

தமிழ்த் தன்வரலாறுகள் இதற்கு நல்ல பயிற்சிக்களம். பாமாவின் 'கருக்கு' 1992இல், சூனி கோட்டால் இறந்த அதே ஆண்டில் வெளிவந்தது. அதில் கல்லூரி ஆசிரியர் ஒருவர், அரிசன மாணவியர்க்கு மாலையில் தனிப்பயிற்சி உண்டு எனக் கூறி அவர்களை எழுந்து நிற்கச் சொல்லும் நிகழ்ச்சி இடம்பெறுகிறது. அறிவிப்பு உதவி, வகுப்பில் எழும் சலசலப்பு தண்டனை. பாமா ஆசிரியரின் பேச்சில் ஓர் ஏசற்சொல்லையும் சேர்க்கவில்லை. அத்தூய்மையைக் காப்பாற்றுவதே மொழிபெயர்ப்பின் கடமை. கோபத்தை எடுத்துக்காட்டும் ஆர்வத்தால் ஆசிரியரின் குரலைக் கடுமையாக்கும் பெயர்ப்பு மூலத்திற்கு இரண்டகம் செய்வதாகும். 'ஷோனார் சாந்த்' என்பதையும் 'தங்கக்கட்டி' என மாற்றுவதைவிட வங்கச் சொல்லாகவே இருத்தி, முதன்முறை வரும் இடத்தில் எழுத்து விளையாட்டைக் கதையோட்டத்திலேயே விளக்கிவிடுதல் தக்கது. தமிழில் கொஞ்சல் வரும், எஸ்.சி. வாராது.

சண்டாளன் என்னும் சொல் இன்னும் சிக்கலானது. நாமசூத்திரர் என இன்று வழங்குவோர் 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு வரை சண்டாளர் எனவே பதியப்பட்டனர். போராடிப் பெயரை மாற்றினர். நூறாண்டு கழித்து மனோரஞ்சன் ப்யாபாரி தம் தன்வரலாற்றின் தலைப்பில் அப்பெயரை மீட்டு வைத்தார். கல்யாணி டாக்குர் தம் பெயரின் பின் 'சாரால்' எனச் சேர்த்து, ஏன் அவ்வாறு எழுதுகிறேன் என்பதையே தம் நூலின் தலைப்பாக்கினார். 'சாரால்' என்பது சண்டாளன் என்பதன் பேச்சு வடிவம். தமிழிலோ 'சண்டாளன்' அன்றாட வசவு. சில வேளை செல்லமாகவும் வரும். அது பட்டியலில் உள்ள ஒரு சாதியின் பெயர் என்பதைப் பலரும் அறியார். 2024 சூலையில் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் அதனை நினைவூட்டி, பாடலிலும் மேடையிலும் அச்சொல்லை வழங்கலாகாது என அறிவுறுத்தியது. எனவே கல்யாணியின் தலைப்பைச் 'சண்டாளி' எனத் தமிழாக்கின், வாசகர் காதில் விழுவது பாட்டியின் வசவு. பதபியின் இடத்தில் நின்று முகர்ஜிக்கும் பானர்ஜிக்கும் விடை கூறும் பெயர் விழாது. 'சாரால்' என்றே விடின், கொல்கத்தாவில் அப்பெயரைப் பதிவேட்டில் கேட்கும் வகுப்பு எவ்வாறு திரும்பிப் பார்க்கும் என்பதைத் தமிழ் வாசகர் உணர ஒரு முன்னுரை வேண்டியிருக்கும். அம்முன்னுரையை எழுதும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருடையதே.